மொட்டை மீது விழுந்த பழி

செவ்வாய்க் கிரகத்தில் தினமும் காலையில் புல்லை முகர்ந்து பார்ப்பதுதான் செங்கமலத்தின் உத்தியோகம். முழங்கால் போட்டு, மூக்கைத் தரையோடு வைத்து, ஓரத்திலிருந்து ஓரம்வரை தவழ்வாள். அந்தக் கோளில் இருந்த ஒரே புல்வெளி அது. கண்ணாடிக் கூரைக்கு அடியில், பூமியின் மானத்தைக் காப்பாற்ற வளர்க்கப்பட்டது.

அன்றும் சுவரோரம் வட்டவட்டமாகக் கருகிக் கிடந்தது. நாற்றத்தில் வாயில் எச்சில் ஊறியது. துப்பலாம் என்றால் குடியிருப்பில் துப்பத் தடை. விழுங்கினாள்.

பழியெல்லாம் அவள் வளர்த்த மொட்டையின் மீதுதான். அங்கிருந்த ஒரே நாய் அது. மூத்திரத்தின் உப்பு புல்லை எரித்துவிடும். உடனே தண்ணீர் விட்டால் பிழைக்கும். ஆனால் செவ்வாயில் தண்ணீரைத் தரையில் கொட்ட யார் விடுவார்கள்? அதனால் மொட்டையின் வயிற்றுக்குள் ‘அடக்குசில்’ ஒன்றைப் பதித்திருந்தார்கள். சரளைக் குழிக்குள் நின்றால் மட்டுமே சிறுநீர்ப்பையைத் திறந்துவிடும் சில்லு அது. அப்படியும் புல் கருகியது. இன்னும் ஒரு வட்டம் விழுந்தால் நாய்க்கு விஷ ஊசிதான் என்று நிர்வாகக் குழு முடிவு கட்டியிருந்தது.

குழு வந்து நின்றது. தலைவர் வைகுண்டம் மூக்கைக் கைக்குட்டையால் பொத்தினார்.

“என்னம்மா, இதுக்கு மேலயும் பேச்சு உண்டா? ஊசியப் போட்டுருவோம்.”

செங்கமலம் ஒரு கருகிய புல்லைப் பிடுங்கி அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அதன் அடியில் இளஞ்சிவப்புக் கறை.

“நேத்து விருந்துல பீட்ரூட் பொரியல் யாருக்கெல்லாம் பிடிச்சுதுய்யா?”

“அதுக்கென்ன இப்ப?”

“பீட்ரூட் தின்னா சிலபேருக்குச் செவப்பா போகும். மொட்டை உலர்தீனியத் தவிர எதையும் மோந்துகூடப் பாக்காது. நீங்க மூணு தடவ கேட்டு வாங்கினீங்க.”

குழுவினர் ஒருவர்பின் ஒருவராக அண்ணாந்து கூரையைப் பார்த்தார்கள். அங்கே பார்க்க எதுவும் இல்லை.

வைகுண்டம் கைக்குட்டையை மடித்தார். குரல் இறங்கியது. “அந்தக் கழிப்பறை இருக்கே, போனா அளவு சொல்லுது, உப்பு சொல்லுது, நன்றி வேற சொல்லுது. ரெண்டு வருசமாச்சு. மனுசன் ஒரு நாளாவது சுவரப் பாத்து நிம்மதியா நிக்க வேண்டாமா?”

“தூ!” என்றாள் செங்கமலம். தடையாவது, மண்ணாவது.

அன்று மதியமே குழு கூடியது. மொட்டைக்கு ஊசி கிடையாது என்று ஒருமனதாக முடிவாயிற்று. நாய் இல்லாவிட்டால் பழியை யார் தலையில் போடுவது? அடக்குசில்லும் வேண்டாம், எடுத்துவிடலாம் என்றார் வைகுண்டம். வாயில்லா ஜீவன், பாவம். பூமியிலிருந்து வரும் ஆய்வாளர்கள் நம்பவேண்டும் என்பதற்காகச் சுவரோரம் ஒரு பலகையும் நட்டார்கள்: ‘நாய்கள் இங்கே சிறுநீர் கழிக்கக் கூடாது.’

மறுநாள் காலை, சில்லு நீங்கிய மொட்டை தானாகவே சரளைக் குழிக்குப் போய்க் காலைத் தூக்கியது. முடித்துவிட்டுப் புல்வெளிப் பக்கம் வந்தது. தூரத்தில் நின்றபடியே காற்றை முகர்ந்து, ஒரு தும்மல் போட்டுத் திரும்பி நடந்தது.

செங்கமலம் தவழ்ந்துகொண்டே பலகைவரை போனாள். படிக்கத் தெரிந்தவர்கள் வந்துபோன ஈரம் அதன் காலடியில் இன்னும் காயவில்லை.