அவள் பிடித்த கை

நெய்த துண்டில் மறுபடியும் ஈரம் இருந்தது.

வைகாசி வெயிலில் தறிக்கொட்டகையே அடுப்புபோலக் காய்ந்து, பாவு நூல்கள் தொட்டாலே அறுந்துகொண்டிருக்க, ஜோயலின் தறியில் மட்டும், அவன் வலது கை படும் இடத்தில், நெய்த துணி உள்ளங்கை அகலத்துக்கு நனைந்து கருத்துக் கிடந்தது. மேஸ்திரி கேசவன் அதைத் தூக்கி முகர்ந்து பார்த்தார்.

"இன்னா டிகிரி, தண்ணி ஊத்திகினு நெய்றியா? சேத்து நாத்தம் அடிக்குது."

"வேர்வை, மேஸ்திரி."

"வேர்வயா? உன் வேர்வயில மீனு துள்ளும்போல கீதே!"

கொட்டகை சிரித்தது. ஜோயல் கையைச் சட்டையில் துடைத்தான். துடைக்கத் துடைக்க ஈரம் ஊறியது.

செங்கல்பட்டுக்கு வெளியே இருந்த அந்தச் சீர்திருத்த மையத்தில் பட்டம் படித்ததால் டிகிரி என்று கூப்பிடப்பட்ட அவன், நல்ல கைதி என்றும் பெயரெடுத்திருந்தான். நெசவு கற்றுக்கொண்டான். கைதிகளுக்கு ஆலோசனை சொல்ல வரும் அம்மா கேட்டதற்கெல்லாம் சுருக்கமாகப் பதில் சொன்னான். குடித்துவிட்டு பைக் ஓட்டினேன். முட்டுக்காட்டுப் பாலத்தில் தடுப்பை இடித்து உப்பங்கழித் தண்ணீரில் விழுந்தோம். என் மனைவி பிரிசில்லா போய்விட்டாள். கடைசிவரை அவள் கையை நான் விடவில்லை.

கடைசி வாக்கியத்தைத் தவிர மற்றதெல்லாம் உண்மை.

இருட்டுத் தண்ணீருக்குள் அவள் அவனுடைய வலது கையை இறுகப் பிடித்திருந்தாள். இழுத்தாள். மூச்சு முட்டியது. அவன் இடது கையால் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு நீந்தி மேலே வந்தான். வண்டி ஓட்டியதற்குத்தான் தண்டனை. விரல்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வார்டர் ஜானகிராமன் வாசலில் நின்று கத்தினார். "டிகிரி! உனக்கு மனு!"

பார்க்க ஆள் வந்தால் அங்கே மனு என்பார்கள். ஜோயல் எழுந்திருக்கவில்லை.

"இன்னிக்கும் வவுத்துவலியா? கொயந்த வந்துகீதுய்யா. எந்திரி."

மனுக் கூடத்தில் எதிரெதிரே இரண்டு கம்பிவலைகள். நடுவே ஓர் ஆள் நடக்கும் சந்து. இந்தப் பக்கம் கைதிகள், அந்தப் பக்கம் குடும்பங்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். மல்லிகையும் பிஸ்கட்டும் தேங்காயெண்ணெயும் கலந்த அந்த வாசனைக்கு அடியில் உப்பங்கழிச் சேறு மெல்ல மணத்தது.

மாமியார் ஞானம்மாள் பேத்தியை இடுப்பில் தூக்கி வைத்திருந்தாள்.

"பிரதீபாவ ஏன் அத்த இங்கெல்லாம் கூட்டினு வரீங்க?"

"அடுத்த மாசம் வூட்டுக்கு வரப்போற. அப்பன் மூஞ்சி தெரிய வேணாவா? நீ எதுக்கு மாப்ள தலை குனியற? எம்பொண்ணு கைய கடேசிவரிக்கும் வுடலியே நீ. தெனம் ஜெபத்துல அந்தக் கைக்குத்தான் ஸ்தோத்திரம் சொல்றேன்."

அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். குதிகாலில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்தது.

தொட முடியாதவர்கள் அவரவர் பக்கத்து வலையில் உள்ளங்கையை வைப்பது அங்கே வழக்கம். குழந்தையும் வைத்தது.

"அப்பா, அம்மா புடிச்ச கைய காட்டுப்பா!"

இடது கையை உயர்த்தினான்.

"அது இல்ல மாப்ள," ஞானம்மாள் சிரித்தாள். "சோத்துக்கை."

வலது கையை வலையில் வைத்தான். கம்பி சுட்டது.

பிறகு சுடவில்லை.

சந்தில் யாருமில்லை. ஆனால் வலை அவன் பக்கமாகப் புடைத்தது. குளிர்ந்த ஓர் உள்ளங்கை. ஈரம். மணல். கம்பி ஓட்டைகள் வழியே ஊறி வெளுத்த விரல்நுனிகள் வந்தன. அவன் விரல்களுக்கிடையே நுழைந்தன. மடங்கின.

மணி அடித்தது. கூடம் சட்டென்று அடங்கியது.

"நேரமாச்சி. கைய எடு," என்றார் ஜானகிராமன்.

வரவில்லை. இழுத்தான். வரவில்லை. சேறு மூக்கை அடைத்தது. மூச்சு முட்டியது. இடது கை தானாக எழுந்தது. முதல் விரலைப் பிரித்தது. அடுத்த விரலை. அதற்கடுத்ததை. பழகிய கை.

"மாப்ள," ஞானம்மாளின் குரல் அந்த நிசப்தத்தில் தெளிவாகக் கேட்டது. "இன்னா பண்ற நீ?"

அவள் அந்த இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்திலிருந்த சிரிப்பு மெதுவாக வடிந்தது. குழந்தையின் கண்களைப் பொத்தினாள்.

அவன் பிரித்துக்கொண்டே இருந்தான். பிரித்த விரல் ஒவ்வொன்றும் திரும்ப வந்து மடங்கியது.