கண்டென்சருக்குக் கேட்டது

டைனமிக் மைக்கின் தலை ஈரமாக இருந்தது. காலையிலிருந்து அதில் யாரும் பாடவில்லை. அந்த வலைக்குள் எத்தனையோ வாய்களின் எச்சில் காய்ந்து, சொத்தைப்பல் வாடை எப்போதும் உண்டு. இன்று வாடை புதிதாக இருந்தது. ஒலிப்பதிவாளன் துடைத்தான். கையில் கோழையாக இழுத்தது.

அவன் தங்கையின் கணவன், பழைய சாமான் கடையில் வாங்கிய கிடார் ஆம்ப் என்ற ஒலிபெருக்கிப் பெட்டியை உள்ளறையில் வைத்து, சத்தம் சிதறாமலிருக்கச் சுற்றிலும் கம்பளி தொங்கவிட்டு, அதற்குள்ளேயே கிடாரோடு உட்கார்ந்திருந்தான். கண்ணாடி வழியே அவன் செருப்புக் கால்கள் மட்டும் தெரிந்தன. சாயங்காலத்துக்குள் பதிவை அனுப்பாவிட்டால் அவனுக்கு இசைக்குழு வேலை கிடையாது.

"மச்சான், கண்டென்சர் மைக்கப் போடுங்க. அந்த எச்சி மைக்கு வேணாம்."

"உன் வாசிப்புக்கு எச்சி மைக்கே அதிகம் மாப்ள. ரெண்டையும் வெச்சிருக்கேன், கேட்டுட்டுச் சொல்றேன்."

டைனமிக்கை ஆம்ப்பின் கிழிந்த முகத்துணியை ஒட்டியும், கண்டென்சரைச் சற்றுத் தள்ளியும் வைத்திருந்தான். கண்ணாடிக்கு இப்பால் வந்து, ஹெட்போனை மாட்டிக் கண்டென்சரின் ஒலியை ஏற்றினான். கிடார் மினுங்கியது. அதனடியில், மீட்டலுக்கும் மீட்டலுக்கும் நடுவே, கன்று மடியைச் சப்புவதுபோல, சளி பிடித்த வாய் எதையோ மெல்லுவதுபோல, சொதசொதவென்று நக்கும் சத்தம்.

"வாயில என்ன வெச்சிருக்க?"

"ஒண்ணுமில்லையே. ஆம்ப்புக்குள்ள எலி கிலி செத்துக் கிடக்கும். குடலைப் புரட்டுது. சீக்கிரம் எடுங்க."

கண்டென்சர் அறையில் இருப்பதையெல்லாம் கேட்கும். டைனமிக்குக்குக் காது மந்தம்; முன்னால் முழங்குவதை மட்டும் பிடிக்கும். நாய் குரைத்தாலும் மின்விசிறி இரைந்தாலும் ஒலிப்பதிவாளன் செய்கிற வேலைதான். கண்டென்சரை இறக்கினான். சத்தம் போயிற்று. சுத்தமான கிடார்.

பிரமாதமான வாசிப்பு. கடைசிச் சுரம் நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

"போதும் மாப்ள."

ஓயவில்லை. ஒரு செருப்பு கவிழ்ந்து கிடந்தது. கால்களைக் காணவில்லை.

கண்டென்சரை ஏற்றினான்.

சப்பல். உறிஞ்சல். எலும்பில் பல் உரசல். எல்லாவற்றுக்கும் அடியில், பொத்திய வாய்க்குள்ளிருந்து, "மச்சான்... மச்சான்..."

எத்தனை நேரமாக?

ஓடினான். கம்பளியை இழுத்தான். நாற்றம் முகத்தில் அறைந்தது. கிடார் ஆம்ப்பில் சாய்ந்து தானாக ஊளையிட்டது. முகத்துணி உப்பியது, ஒடுங்கியது. கிழிசலிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே நீண்டிருந்தது, தங்கை வாங்கித் தந்த மோதிரத்தோடு. தடித்த நாக்கொன்று அதன் விரல்களை ஒவ்வொன்றாக நக்கிக்கொண்டிருந்தது.

நடுநடுவே, டைனமிக் மைக்கின் தலையையும்.