வால் விடாத கட்டு

போன் அடித்தது.

ஷமீர் எடுக்கவில்லை. வலது கையில் அரம், இடது கையில் அலுமினிய உறை. சனிக்கிழமை மத்தியானத்தில் தேங்காப்பட்டணம் பட்டறையில் அவன் மட்டும்தான் இருந்தான்.

அடித்து ஓய்ந்து... மறுபடி அடித்தது.

திரையில் பெனின் பெயர்.

"என்ன மக்கா, கல்யாணச் சாப்பாடு முடிஞ்சா?"

மறுமுனையில் காற்று இரைந்தது.

"பெனினே?"

"முருகதாஸ் போயிட்டான்டே."

"எங்க போனான்?"

"செத்துப் போயிட்டான். சொத்தவிளையில வச்சு. பட்டம் இழுத்துட்டுப் போயி கல்லுல அடிச்சிருக்கு. ஒனக்க ரிலீஸ் தொறக்கல்ல, ஷமீரே."

அரம் தரையில் விழுந்து உருண்டது.

முருகதாஸின் வண்டிக்கு மூன்று சக்கரம். எஞ்சின் கிடையாது. ஓட்டுகிறவன் தரையோடு தரையாக உட்கார்ந்திருப்பான். அவனுக்கு மேலே, வீட்டுக் கூரை அகலத்துக்கு ஒரு பட்டம். ஆடிக் காற்று அதைப் பிடித்து இழுத்தால் வண்டி கடற்கரை மணலில் பஸ்ஸைத் தோற்கடிக்கும்.

கட்டுப்பாடு போனால் தப்பிக்க ஒரே வழி... இடுப்பு வாரில் இருக்கும் சிவப்பு உறை! அதை முன்னால் தள்ளினால் கொக்கி திறக்கும். பட்டம் ஒற்றைக் கயிற்றில் தொங்கி, காற்று இறங்கி, வெறும் துணியாக விழுந்துவிடும்.

கொக்கியும் உறையும் சேர்ந்ததுதான் ரிலீஸ். அதை வடிவமைத்தவன் ஷமீர். மஸ்கட் பாலைவனத்தில் இதே வண்டிகளுக்கு ஃபிட்டராக இருந்து கற்ற வேலை. ஊருக்குத் திரும்பியதும், சொத்தவிளையில் முருகதாஸும் பெனினும் நடத்திய கிளப்புக்கு அவன்தான் ரிலீஸ் செய்து கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமை போட்டி. எல்லா வண்டியிலும் அவன் செய்த ரிலீஸ்தான்.

'பச்சப் புள்ள தள்ளுனாலும் தொறக்கும்' என்று கிளப்பில் எல்லார் முன்னாலும் சொன்ன வாய் அவனுடையது.

ஆனால் போன வாரச் சோதனையில் ஒரு தடவை அது திறக்கவில்லை.

ஈர மணல் உள்ளே போயிருந்தது. உறை பாதியில் நின்றுவிட்டது. யாரும் பார்க்கவில்லை. அவனும் சொல்லவில்லை. உறையை மாற்றிச் செய்ய நேரமில்லை. அதனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளப் கொட்டகைக்குப் போய், முருகதாஸின் ரிலீஸில் சைக்கிள் ட்யூபை நாடாவாக வெட்டிச் சுற்றினான். மீன்பிடி வள்ளத்து எஞ்சினில் உப்பும் மணலும் ஏறாமல் இருக்க அவன் வாப்பா சுற்றுவது போலத்தான்.

"இது என்னடே புதுசா சட்ட போட்டிருக்க?" என்று முருகதாஸ் கேட்டான்.

"மண்ணு ஏறாம இருக்கத்தான். உறையத் தள்ளுனா தானே அவுந்துரும்."

"ஓட்டலாம்லா?"

"ஓட்டலாம்."

அந்த ஒற்றை வார்த்தை இப்போது பட்டறை முழுக்கச் சுற்றிச் சுற்றி வந்தது.

ஓட்டலாம்... ஓட்டலாம்... ஓட்டலாம்...

* * *

ஆஸ்பத்திரி பிணவறை வாசலில் முருகதாஸின் மனைவி இந்துஜா உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்திருந்தாள்.

ஷமீர் தூரத்திலேயே நின்றான். அவளே கூப்பிட்டாள்.

"எதுக்குண்ணே அங்க நிக்கீங்க? இங்க வாங்க."

வந்தான்.

"காலையில நான் போகண்டாம்னுதான் சொன்னேன். காத்து ஒரு மாதிரி கெடந்துது. அதுக்கு அவரு என்ன சொன்னாரு தெரியுமா?"

ஷமீருக்குத் தெரிய வேண்டாம் என்றிருந்தது.

"'எனக்க இடுப்புல ஷமீர் இருக்கான். நீ பேசாம மீன வறு'ன்னாரு."

அவள் சிரிக்கப் பார்த்தாள். வாய் கோணியது.

"நீங்க என்னண்ணே செய்வீங்க? அவருக்க நேரம். நீங்க மனசப் போட்டு ஒழப்பாதீங்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். செருப்பால் அடித்திருந்தாலும் தாங்கியிருப்பான். அவள் ஆறுதல் சொன்னாள்!

"இந்துஜா... நான் ஒண்ணு..."

தோளில் ஒரு கை விழுந்தது. பெனின்.

"வாடே. இன்ஸ்பெக்டர் கூப்பிடுகா."

* * *

காரில் ஏறியதும் பெனின் கண்ணாடிகளை ஏற்றினான். குலசேகரத்தில் பெரிய ரப்பர் நர்சரிக் குடும்பத்துப் பிள்ளை. ஷமீர் வருவதற்கு முன் கிளப்புக்கு ரிலீஸ் வாங்கிக் கொடுத்தவன் அவன்தான். பொறுப்பு ஷமீரிடம் போனபோது ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை.

"நான் சொல்லுகத கவனமா கேளு. போலீசு அந்த ரிலீஸ எடுத்து வச்சிருக்கு. ட்யூப் சுத்தி இருந்தத நான் பாத்தேன். நீதானே?"

ஷமீர் தலையாட்டினான்.

"யாருட்டயாவது சொன்னியா?"

"முருகதாஸுக்குத்தான் தெரியும்."

"அவன் வந்து சொல்லப் போறதில்ல. நீயும் சொல்லாத. முருகதாஸே சுத்திக்கிட்டான்னு நான் சொல்லுகேன். விபத்துன்னு எழுதி முடிச்சிருவாவ."

"அவன் மேல பழியப் போடச் சொல்லுகியா?"

"செத்தவனுக்கு என்னடே பழி? உசுரோட இருக்கவனுக்குத்தான் ஜெயிலு. ஒனக்கு உம்மா இருக்கா, புள்ள இருக்கு. நெனச்சுப் பாரு."

"வெயில்ல ரப்பர் இறுகிப் புடிச்சிருக்கும் மக்கா. நான் அத யோசிக்கல்ல."

"இறுகித்தான் இருந்துது. சரி, விடு. வாயத் தொறக்காண்டாம். கேட்டியா?"

நண்பன் என்றால் இவன்தான் என்று ஷமீருக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகவும் வெட்கமாக இருந்தது.

* * *

இன்ஸ்பெக்டர் சுபிதா அதிகம் பேசாதவள். பேனா மூடியைக் கடித்தபடி பெனின் சொன்னதை எல்லாம் கேட்டாள்.

"அப்ப நீங்க வெள்ளிக்கிழமையில இருந்தே குலசேகரத்துல?"

"ஆமா மேடம். எனக்க சித்தப்பா மவளுக்குக் கல்யாணம். விஷயம் கேள்விப்பட்டுத்தான் ஓடி வந்தேன்."

"கொட்டகைச் சாவி?"

"முருகதாஸ்ட்ட ஒண்ணு, எனக்க வீட்டுல ஒண்ணு."

"இந்த ரிலீஸ நீங்க எப்பமாவது தொட்டதுண்டா?"

"இல்ல மேடம். கல்லுகிட்ட கெடந்தப்ப எட்ட நின்னு பாத்ததுதான். அது ஷமீருக்க டிபார்ட்மென்ட்."

"இந்த ட்யூப சுத்துனது?"

"முருகதாஸேதான். மண்ணு ஏறுகுன்னு எப்பவும் சொல்லிட்டே இருப்பான்."

சுபிதா ஷமீர் பக்கம் திரும்பினாள்.

"நீரு என்ன சொல்லுகீரு? அவரேதான் சுத்துனாரா?"

மின்விசிறி கிறீச்சிட்டது.

ஷமீர் ஆமாம் என்று சொன்னால் போதும். கையெழுத்துப் போடலாம். வீட்டுக்குப் போகலாம். மகளை மடியில் வைத்துக்கொண்டு சோறு தின்னலாம். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும்... 'எனக்க இடுப்புல ஷமீர் இருக்கான்.'

மேசைக்கு அடியில் பெனினின் கால் அவன் காலை மிதித்தது.

"நான் சுத்துனேன் மேடம்."

"என்னது?"

"நான்தான் சுத்துனேன். உறை மண்ணுல நின்னுது. யாருட்டயும் சொல்லாம ட்யூப் சுத்துனேன். ஓட்டலாமான்னு கேட்டான். ஓட்டலாம்னு சொன்னேன். நான்தான் அவனக் கொன்னேன்."

பெனின் நெற்றியில் கை வைத்தான். "சொல்லாண்டாம்னுதான் பாத்தேன் மேடம். கூட்டுக்காரன். மனசு கேக்கல்ல."

"நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

கதவு மூடியது.

சுபிதா இழுப்பறையைத் திறந்து ஒரு சைக்கிள் ட்யூப் நாடாவை எடுத்து அவன் முன்னால் போட்டாள். பக்கத்தில் தன் லத்தியை வைத்தாள்.

"சுத்திக் காட்டும்."

"எதுக்கு மேடம்? நான்தான் ஒத்துக்கிட்டேனே."

"ஒத்துக்கிட்டது காதுல விழுந்துது. கையும் ஒத்துக்கிடட்டும்."

அவன் சுற்றினான். மேலிருந்து கீழே. இறுக்காமல், ஒவ்வொரு சுற்றுக்கும் இடைவெளி விட்டு. கடைசியில் ஒரு சாண் நாடாவைச் சொருகாமல் வால் போலத் தொங்க விட்டான்.

"வாலு எதுக்கு?"

"அது பழக்கம் மேடம். நடுக்கடல்ல எஞ்சின் நின்னுட்டுன்னா ஒரு கையால வள்ளத்தப் புடிச்சிக்கிட்டு மறு கையால ட்யூபப் பிரிக்கணும். வால இழுத்தா மொத்தமும் அவுந்துரும். வாலு விடலன்னா வாப்பா கைய ஒடிச்சிருவாரு."

சுபிதா எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டு வந்தாள். அதற்குள் முருகதாஸின் ரிலீஸ்.

ஷமீர் இப்போதுதான் அதைப் பார்த்தான்.

கீழிருந்து மேலே. ஒன்றின் மேல் ஒன்று ஏறி, விரல் நகம் போகாத இறுக்கம். இரண்டு அடுக்கு. முனை... உள்ளே சொருகப்பட்டிருந்தது!

"மேடம்... இது எனக்க கட்டு இல்ல."

"தெரியும். ஷமீரு, நீரு ஒரு நல்ல காரியம் செய்யும். கொஞ்ச நேரம் அந்த மூலையில போய் அழுதுட்டு இரும். நல்லா சத்தமா அழும்."

அழுவதற்கு அவன் நடிக்க வேண்டியிருக்கவில்லை.

* * *

பெனின் உள்ளே வந்தபோது சுபிதா வாஷ்பேசினுக்கு அடியில் குனிந்திருந்தாள்.

"வாங்க பெனின். இவரு எழுதிக் குடுத்துட்டாரு. நீங்க சாட்சிக் கையெழுத்து போட்டா முடிஞ்சு. ஸ்டேஷன் லட்சணத்தப் பாத்தீங்களா? பைப்புல வெடிப்பு. தண்ணிய அடைச்சு, பைப்பத் தொடச்சு வச்சிருக்கேன். பிளம்பர் நாளைக்குத்தான் வருவானாம்."

"ட்யூப் இருந்தா நான் சுத்தித் தாறேன் மேடம்."

"உங்களுக்கு எதுக்குச் செரமம்?"

"இதுல என்ன செரமம்."

பெனின் உற்சாகமாக உட்கார்ந்தான். நாடாவை வாங்கினான். கீழே ஆரம்பித்தான். விரல்கள் தாமாகவே ஓடின. சுற்றின் மேல் பாதிச் சுற்று ஏறியது. பல்லைக் கடித்து இழுத்து இறுக்கினான். மேலே வந்ததும் முனையைக் கடைசிச் சுற்றுக்குள் சொருகி, பெருவிரலால் அழுத்தினான்.

"இனி ஒரு சொட்டு எறங்காது மேடம்."

"எறங்காது. எங்க அம்மா குலசேகரத்துல ரப்பர் நர்சரியில கன்னுக்கு ஒட்டுக் கட்டுக வேல பாத்தா. இப்பிடித்தான் கட்டுவா. கீழ இருந்து மேல. மழத்தண்ணி எறங்கிட்டா மொட்டு அழுகிரும்லா? வாலு விட மாட்டா. ஒட்டு புடிக்கது வரைக்கும் அது அவுழக் கூடாது."

பெனின் நிமிர்ந்தான்.

சுபிதா முருகதாஸின் ரிலீஸைக் குழாய்க்குப் பக்கத்தில் பிடித்தாள். இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன.

"மேடம், யாரு வேணும்னாலும் இப்பிடிச் சுத்தலாம்."

"சுத்தலாம். ஆனா சைக்கிள் ட்யூபுக்கு உள்ள வெள்ளப் பொடி இருக்கும். இந்த ரிலீஸ்ல கடைசிச் சுத்தக் கொஞ்சம் தூக்கிப் பாத்தோம். அந்தப் பொடியில ஒரு பெருவிரல் அச்சு மாதிரி விழுந்திருக்கு. அது ஷமீருக்கதுன்னு நெனச்சிருந்தேன். இப்ப நீங்களும் பைப்புல ஒண்ணு வச்சுத் தந்திருக்கீங்க. தொட்டதே இல்லன்னு முன்னமே சொல்லியாச்சு."

பெனின் கதவைப் பார்த்தான். கதவில் இரண்டு கான்ஸ்டபிள்கள் சாய்ந்திருந்தார்கள்.

மூலையிலிருந்து ஷமீர் எழுந்து வந்தான்.

"எதுக்குடே?"

பெனின் பெருவிரலைச் சட்டையில் துடைத்தான்.

"எதுக்குன்னு கேக்கேன். அவன் ஒனக்கு என்ன செஞ்சான்?"

"நாளைக்குப் போட்டி மேடையில ஏறிச் சொல்லப் போறேன்னான்." பெனினின் குரல் தரையைப் பார்த்து வந்தது. "நான் முன்ன வித்த ரிலீஸ் எல்லாம் டூப்ளிகேட்டுன்னு. மட்டமான சாமானத்துல முத்திர அடிச்சு வித்தேன்னு. அதுல ஒண்ணு ஒடஞ்சு ஒரு பயலுக்குக் காலு போச்சுன்னு. காலுல விழுந்தேன்டே. கேக்கல்ல. வெள்ளிக்கிழமை ராத்திரி கல்யாண வீட்டுல இருந்து நைசா கொட்டகைக்கு வந்தேன். வண்டியில என்னத்தையாவது செய்யணும்னுதான் வந்தேன். பாத்தா நீ ட்யூப் சுத்தி வச்சிருக்க. அதப் பிரிச்சு இறுக்கிச் சுத்துனா போதும்னு தோணிச்சு. பழி ஒனக்கு. ஒனக்க ரிலீஸும் ஒழியும்."

"என்னையக் காப்பாத்துகேன்னு சொன்னியே..."

"நீ வாயத் தொறக்காம இருந்திருந்தா காப்பாத்தியும் இருப்பேன்டே."

கான்ஸ்டபிள்கள் அவனைக் கூட்டிப் போனார்கள்.

ஷமீர் நின்ற இடத்திலேயே நின்றான்.

"இன்னும் என்ன நிக்கீரு? வீட்டுக்குப் போம்."

"உறை மண்ணுல நிக்குன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தேன்னா முருகதாஸ் வண்டிய எடுத்திருக்க மாட்டான் மேடம்."

"எடுத்திருக்க மாட்டாரு."

"நான் சுத்தலன்னா பெனினுக்கு அந்த யோசன வந்திருக்காது."

"வேற யோசன வந்திருக்கும். ஆனா இது வந்திருக்காது."

"அப்ப என்னையும் உள்ள போடுங்க."

சுபிதா பேனாவை மூடினாள்.

"அதுக்குண்டான செக்‌ஷன் எனக்க புஸ்தகத்துல இல்ல. நாளைக்குப் போட்டிய நிறுத்தியாச்சு. எல்லா வண்டியில இருந்தும் ஒம்ம ரிலீஸக் கழத்தும். உறைய மாத்தும். அதுக்கு முன்ன அந்தப் பொண்ணு இந்துஜாட்ட போயி, இப்ப எனக்கிட்ட சொன்னத ஒண்ணு விடாம சொல்லும். இன்னைக்கே."

ஷமீருக்கு லாக்கப் இதைவிட எளிதாக இருந்திருக்கும்.

"எப்பிடி மேடம் அவ மொகத்தப் பாப்பேன்?"

"கஷ்டந்தான். வாரும், எனக்க ஜீப்புல கொண்டு விடச் சொல்லுகேன்." அவள் தொப்பியை எடுத்து மாட்டினாள். "பயப்படாண்டாம். ஜீப்புக் கதவு எல்லாம் பிரமாதமாத் தொறக்கும்... பிரேக்குதான் கெடையாது!"