இரண்டு சிவானந்தம்

மொன்றியல் மெற்றோ நிலையங்களின் கனத்த கதவுகளைத் தள்ளும்போது காற்று எதிர்த்துத் தள்ளும். அது எல்லோருக்கும் பழகிப்போன ஒன்று. ஆனால் அன்று சாம்பவியின் கையில் நீளமான கடதாசிச் சுருள் ஒன்று இருந்தது. காற்று அதைப் பறித்து, எதிரே வந்தவனின் முகத்தில் விரித்தது.

கடதாசிக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன. மழை சொட்டும் இமைகள்... சிரிக்கும் கண்கள்.

“ஐயோ, நனைக்காதேங்கோ” என்று அவளுக்குத் தமிழில்தான் வந்தது. பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்கத் தொடங்கியவன் தமிழுக்கு மாறினான்.

அது ஜெர்மன் இளவரசக் குடும்பங்களின் இருநூறு வருடக் கலியாணங்களைக் காட்டும் வம்சப் படம். அவளுடைய பல்கலைக்கழக ஆய்வு. பாதி மை கரைந்துவிட்டது. அவன் பெயர் ஆரூரன். லொங்குய்யில் ஒரு அலுவலகத்தில் வரைபடம் கீறுகிறவன். புதிதாகக் கீறித் தருவதாகச் சொல்லி, பக்கத்துக் கோப்பிக் கடை மேசையில் விரித்துப் பார்த்தான்.

“இந்தக் கோமகன் தன்ர சித்தப்பாவின்ர மகளையெல்லோ கட்டியிருக்கிறார். தங்கச்சி முறை.”

“அவைக்கு மச்சாளும் தங்கச்சியும் ஒண்டுதான்.”

“பாவங்கள்... பகிடி பண்ண ஒரு மச்சாள் கூட இல்லை.”

பிறகு ஐந்து சனிக்கிழமைகள் அதே மேசை. நம்முடைய முறைக்குப் பொருந்தும் கலியாணங்களை அவன் பச்சையில் கீறினான், பொருந்தாதவற்றைச் சிவப்பில். படம் முழுக்கச் சிவப்பு. அவள் சிரிப்பதற்காகவே அவன் சிவப்புப் பேனையை மெதுவாகத் திறந்தான்... அது அவளுக்குத் தெரியும்.

ஆறாவது வாரம் முருகன் கோயிலில் அவனுடைய அம்மா யோகராணியைச் சந்தித்தாள். எல்லோரும் கேட்பதையே அவரும் கேட்டார்: எந்த ஊர், ஆருடைய பேத்தி? அளவெட்டி, அம்மாவின் அப்பா சிவானந்தம் என்றாள். யோகராணியின் முகம் மலர்ந்தது. அளவெட்டிச் சிவானந்தம் அவருடைய சொந்தச் சித்தப்பா.

“அப்ப உன்ர அம்மா எனக்குத் தங்கச்சி. நீ இவனுக்குத் தங்கச்சி.”

பக்கத்தில் நின்ற ஆரூரன் தலையை மட்டும் ஆட்டினான். அடுத்த சனிக்கிழமை அவன் வரவில்லை, குறுஞ்செய்தி வந்தது. ‘படம் முடிஞ்சுது தங்கச்சி. அனுப்பிவிடுறன்.’

அந்த ஒரு சொல் அவளைச் சுட்டது. ஒரு கேள்வி கூடக் கேட்காமல் ஒப்புக்கொண்டானே... இனி அவனுடன் கதைப்பதில்லை என்று ஒரு வாரம் வீம்பாக இருந்தாள். அந்த வாரம்தான் ரொய்ஸ் வம்சத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தாள். அந்த வீட்டில் ஆண்கள் எல்லோருக்கும் ஹைன்ரிக் என்றே பெயர். எண்ணை வைத்துத்தான் ஆளைப் பிரிக்கவேண்டும். மனைவியின் பெயரைப் பார்க்காமல் எந்த ஹைன்ரிக்கையும் நம்பாதே என்று அவளே முதல் பக்கத்தில் எழுதியிருந்தாள்.

அவளுடைய கை நின்றது. உடனே யோகராணிக்குத் தொலைபேசி எடுத்தாள்.

மறுநாள் அலுவலகம் விடும் நேரம், லொங்குய் மெற்றோ வாசலில் மழையோடு நின்றாள். ஆரூரன் வந்ததும் ஒரு தாளை நீட்டினாள். முதலாம் சிவானந்தம், மனைவி பூமணி: யோகராணியின் சித்தப்பா. இரண்டாம் சிவானந்தம், மனைவி இலட்சுமிப்பிள்ளை: சாம்பவியின் தாத்தா. ஒரே ஊர், வேறு வேறு வளவு. இரண்டு குடும்பமும் தாளில் எங்கேயும் தொடவில்லை.

“அம்மாட்ட காட்டினீரோ?”

“கேட்டனான். பூமணிச் சின்னம்மாவெண்டு அவவே சொன்னா. அப்ப நாங்கள் சொந்தமில்லையோ எண்டு கவலைப்பட்டா... பேந்து, சொந்தமில்லாட்டி ஆக்கிறதுதானே எண்டா.” அவள் குரல் தணிந்தது. “நீங்கள் ஏன் ஒருக்காக் கூடக் கேக்கேல்லை?”

“கேட்டு, அது உண்மையெண்டு வந்திட்டால்...? அந்தச் சொல்லை எழுத எனக்கு அரை நாள் எடுத்தது, சாம்பவி.”

அவன் சட்டைப் பையிலிருந்து பச்சைப் பேனையை எடுத்தான். தாளில் தன் பெயரிலிருந்து அவள் பெயர் வரைக்கும் மெதுவாக ஒரு கோடு இழுத்தான்.

“எனக்கு உம்மில சரியான விருப்பம். இந்தக் கோடு இருக்கட்டோ?”

ஒரு மழைத்துளி தாளில் விழப்போனது. சாம்பவி கையைக் குடையாக்கி அதன்மேல் பிடித்தாள்.

“நனைக்காதேங்கோ...” என்றாள்.