மை படாத கண்

குழந்தை பிறந்து இருபத்து நான்காம் நாள். காலை மணி 6.40.

பவித்ரா தொட்டில் சேலையை விலக்கிப் பார்த்தாள். குழந்தை விழித்துத்தான் இருந்தது. கால்களை உதைத்தது, பாலுக்கு வாய் துழாவியது. கண்கள் மட்டும் திறக்கவில்லை. மஞ்சள் சீழ் காய்ந்து இரண்டு இமைகளையும் ஒட்டிவிட்டிருந்தது.

“மதினி! மறுபடியும் மை வச்சீங்களா?”

அடுப்படியில் நின்ற குருவம்மாள் திரும்பவில்லை. அவள் பவித்ராவின் கணவன் சின்ராசுவுக்கு அக்கா. கணவனை இழந்தவள், ஏலக்காய் தரம் பிரிக்கிற சோலிக்குப் போகிறவள். பவித்ராவுக்குத் தாய் இல்லாததால் சோலிக்கு லீவு போட்டுவிட்டுப் பிரசவம் பார்க்க வந்திருந்தாள்.

“நான் பிள்ளையத் தொட்டு ஏழு நாளாச்சு” என்றாள் சுவரைப் பார்த்து. “என்னைய நம்பலன்னா சொல்லு. இன்னைக்கே மலைக்கு, என் வீட்டுக்குப் போயிர்றேன்.”

சொன்னபடியே பையை எடுத்துத் துணிகளை அடுக்க ஆரம்பித்தாள்.

மணி 7.15.

செவிலியர் சூர்யகலா ஸ்கூட்டியை நிறுத்தினாள். போடிநாயக்கனூரிலிருந்து முந்தல் போகும் சாலையில் இருந்த அந்தக் காலனிக்கு அவள்தான் பதினோரு வருடமாகச் சுகாதாரச் செவிலியர். எந்த வீட்டில் எந்தப் பிள்ளைக்கு எந்த ஊசி பாக்கி என்று புத்தகம் பார்க்காமல் சொல்வாள். அவள் சொன்னால் காலனி கேட்கும். பதினேழாம் நாள் அவள் சொன்னதையும் கேட்டது.

அன்று குழந்தையின் இமையோரம் மை தீட்டியிருந்ததைப் பார்த்தாள். முந்தின நாள், தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பதினாறாம் நாள், அத்தை என்ற உரிமையில் குருவம்மாள் வைத்த மை. சூர்யகலா தெருவில் நின்று, பத்துப் பேர் பார்க்க, “உன் கையாலதான் இந்தப் பிள்ளை கண்ணு போகப் போகுது” என்று கத்தினாள். குருவம்மாள் மை டப்பாவைச் சாக்கடையில் எறிந்தாள். அதற்கப்புறம் தண்ணீர்க் குழாயடியில் அவளோடு யாரும் பேசவில்லை.

இப்போது சூர்யகலா கொதித்து ஆறிய நீரில் பஞ்சை நனைத்து இமைகளை மெல்லத் துடைத்தாள். பஞ்சை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். மஞ்சள். கறுப்பு ஒரு பொட்டுக்கூட இல்லை.

“இவங்க மை வைக்கல” என்றாள்.

பவித்ரா தலை குனிந்தாள். குருவம்மாள் பையை மூடவில்லை, திறக்கவும் இல்லை.

“சொட்டு மருந்து விடுறியா?”

“ஒரு நாளைக்கு நாலு தடவ. நானேதான் விடுறேன்.”

சூர்யகலா மருந்துக் குப்பியை ஆட்டிப் பார்த்தாள். முக்கால்வாசி தீர்ந்திருந்தது. காலாவதித் தேதி சரி.

“வீட்டுல பூச்சி மருந்து இருக்கா? எஸ்டேட்டுத் துணி ஏதாவது தொட்டில்ல போட்டியா?”

“இல்லக்கா.”

“தேனியில கண்ணுத் தண்ணிய எடுத்து டெஸ்டுக்கு அனுப்புனாங்களே. முடிவு வந்துச்சா?”

“இருபத்தொண்ணாம் நாளு அவருதான் போய் வாங்கிட்டு வந்தாரு. ஒண்ணுமில்லயாம். தூசியாம். இதே மருந்த விடச் சொன்னாங்களாம்.”

“காயிதம் எங்க?”

வாசலில் செருப்புச் சத்தம். ஜீப்பு ஓட்டும் சின்ராசு உள்ளே வந்தான். தினமும் காலையில் போடிமெட்டுக்கு மேலே தோட்டவேலைக்கு ஆட்களை ஏற்றிப் போகிறவன்.

“காயிதமா? எங்கயோ விழுந்துருச்சு நர்சம்மா.”

“தேனி டாக்டர் சுஃபியா உங்கிட்ட என்ன சொன்னாங்க?”

“தூசின்னாங்க.”

“வேற?”

“வேற ஒண்ணுமில்ல.”

அவன் குழந்தையைப் பார்க்கக் குனிந்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டை நழுவி விழுந்தது. சூர்யகலா எடுத்தாள். பத்துக் குழியில் ஆறு காலி.

“இது யாருக்கு?”

“எனக்குத்தான். முட்டியில அடிபட்டுப் புண்ணாயிருச்சு. காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. மேல போக ஆளுக காத்துக்கிட்டு இருக்காங்க. வர்றேன்.”

அப்போது குழந்தை இருமியது. காய்ச்சல் இல்லை, சளிச் சத்தமும் இல்லை. குட்டிக் குட்டியாய், விட்டு விட்டு, மூச்சு வாங்க நேரமில்லாத இருமல்.

“எப்ப இருந்து?”

“நேத்து சாயங்காலத்துலருந்து” என்றாள் பவித்ரா.

சூர்யகலா எழுந்தாள். “இன்னைக்கே தேனிக்குக் கொண்டு போகணும். நான் போன் பண்ணிட்டு வர்றேன். ரெடியா இரு.”

வெளியே சின்ராசு கைலியைத் தொடைக்கு மேல் மடித்துக் கட்டி ஜீப்பின் கண்ணாடிக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தான். அவள் அவனைத் தாண்டிப் போனாள். பார்த்தாள். பார்த்தது அப்போது மனதில் ஏறவில்லை.

மணி 8.50. துணை சுகாதார நிலையம்.

டாக்டரிடம் சொல்ல விவரம் வேண்டுமென்று பதிவேட்டைத் திறந்தாள். பவித்ராவின் பக்கம். அவளுடைய கையெழுத்தேதான்: ‘எட்டாம் நாள். இரு கண்களிலும் சீழ். சொட்டு மருந்து தரப்பட்டது.’

எட்டாம் நாள்.

மை வைத்தது பதினாறாம் நாள்.

அந்த வரியை நான்கு தடவை படித்தாள். வேறு யாருடைய எழுத்தாகவாவது இருக்கக்கூடாதா என்று தோன்றியது. எட்டு நாள் முன்னாலேயே வந்த நோய்க்கு ஒரு பெண்ணைத் தெருவில் நிறுத்திப் பழி போட்டிருக்கிறாள். மை கெடுதல்தான், வைக்கக்கூடாதுதான். ஆனால் இந்தச் சீழுக்கும் அந்த மைக்கும் சம்பந்தமே இல்லை. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுச் செல்லை எடுத்தாள்.

டாக்டர் சுஃபியா அவளைப் பேசவே விடவில்லை.

“அந்தப் பிள்ளையா? ஏன் சிஸ்டர் இன்னும் கூட்டிட்டு வரல? மறுநாளே மூணு பேரும் வரணும்னு அப்பாட்ட சொல்லி அனுப்புனேனே.”

“மூணு பேருமா?”

“மூணு பேரும். இருமல் ஏதும் இருக்கா?”

“இருக்கு.”

“உடனே கொண்டாங்க.”

டாக்டர் நோயின் பெயரைச் சொல்லவில்லை. சூர்யகலா கேட்கவும் இல்லை. கண் நோய் குழந்தைக்கு. பிறகு மூன்று பேர் எதற்கு?

இப்போதுதான் அந்த முட்டி மனதில் ஏறியது. தண்ணீர் வழிந்த இரண்டு முட்டிகள். கீறல்கூட இல்லை.

சின்ராசுவுக்குப் போன் போட்டாள். “ஆளுகள எறக்கி விட்டுட்டு வெரசா வா. பிள்ளையத் தேனிக்குக் கொண்டு போகணும். முந்தல் செக்போஸ்ட்டுல நான் நிப்பேன்.”

மணி 11.10. முந்தல் செக்போஸ்ட்.

மலையிறங்கி வந்த ஜீப்பு காலியாக இருந்தது. சூர்யகலா முன் சீட்டில் ஏறிக்கொண்டாள்.

“ஓரமா நிறுத்து தம்பி.”

“பிள்ளைக்கு நேரமாகுதே.”

“நிறுத்து. ரெண்டு நிமிசம்.”

புளிய மரத்தடியில் நிறுத்தினான்.

“கைலியத் தூக்கி முட்டியக் காட்டு.”

அவன் காட்டவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஒரு நாளைக்கு ரெண்டு மாத்திரைன்னு நீதான் சொன்ன. ஆறு தீர்ந்திருக்கு. இன்னைக்குக் காலைல ஒண்ணு. நேத்து ரெண்டு. முந்தாநாள் ரெண்டு. மிச்சம் ஒண்ணு இருபத்தொண்ணாம் நாள் ராத்திரி. நீ டெஸ்டு முடிவு வாங்கிட்டு வந்த ராத்திரி.”

சின்ராசு கைலி நுனியை முட்டிக்குக் கீழே இழுத்துவிட்டான்.

“அந்த மாத்திரை எதுக்கெல்லாம் குடுப்பாங்கன்னு எனக்குத் தெரியும். சொட்டு மருந்துக்குக் கேக்காத சீழு. எட்டாம் நாள் வந்த சீழு. இப்ப இருமல். டாக்டர் மூணு பேரையும் கூப்பிட்டிருக்காங்க. இந்தக் கிருமி பிள்ளை கண்ணுக்கு வெளிய இருந்து வரல. பிறக்கும்போது தாய்ட்ட இருந்து வந்திருக்கு. தாய்க்கு எங்க இருந்து வந்துச்சு?”

அவன் கியரில் கை வைத்தான்.

“நீயே சொல்லு.”

“எங்கிட்ட இருந்து” என்றான். குரல் இன்ஜின் சத்தத்தில் பாதி கரைந்தது. இன்ஜினை அணைத்தான். “அவ ஏழாம் மாசமா இருக்கையில ஏலக்கா லோடு எறக்கிட்டு வெளியூர்ல தங்குனேன். ஒரே ஒரு தடவ நர்சம்மா. ஒண்ணுக்குப் போனா எரிச்சல் இருந்துச்சு. தானாச் சரியாப் போச்சு. நானும் மறந்துட்டேன். டாக்டரம்மா சொன்னப்பதான்...”

“என்ன சொன்னாங்க?”

“உனக்கு மாத்திரைய இன்னைக்கே தர்றேன், பிள்ளைக்கு எடை பாத்துத்தான் மருந்து, சம்சாரத்தையும் பாக்கணும், நாளைக்கே கூட்டிட்டு வான்னாங்க. கூட்டிட்டுப் போனா அவளுக்குத் தெரிஞ்சிரும். சொட்டு மருந்துலயே சரியாப் போயிரும்னு...”

“உனக்கு மருந்து வாங்கிக்கிட்ட” என்றாள் சூர்யகலா. “பிள்ளை சீழோட கெடந்துச்சு.”

அவன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். அழுகைச் சத்தம் வரவில்லை, முதுகு மட்டும் குலுங்கியது. அதற்குமேல் திட்ட அவளுக்கு வாய் வரவில்லை. ஏழு நாளாகக் குருவம்மாள் பட்டதில் அவளுக்கும் பங்கு இருந்தது.

“பிள்ளை பொழைச்சிரும்ல?”

“இன்னைக்குப் போனா கண்ணும் தப்பும், நெஞ்சும் தப்பும்.”

“நீங்களே அவகிட்டச் சொல்லிருங்க நர்சம்மா. உங்க காலப் பிடிச்சுக் கேக்குறேன்.”

“சொல்ல மாட்டேன். இது உன் வாயிலருந்து வரணும். அவளும் மருந்து சாப்பிடணும். எதுக்குன்னு தெரியாம ஒரு பொம்பளைய மருந்து முழுங்க வைக்க முடியாது. தேனி போய்ச் சேர்றதுக்குள்ள சொல்லிரு.”

மணி 11.55.

காலனியில் பவித்ராவையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு போடியைத் தாண்டியதும் சின்ராசு ஜீப்பை ஓரங்கட்டினான். சூர்யகலா குழந்தையை வாங்கிக்கொண்டு இறங்கி, சாலையோரத் தென்னை நிழலில் போய் நின்றாள். இருபதடி தூரம். பேச்சு கேட்கவில்லை. சின்ராசுவின் உதடுகள் அசைவது தெரிந்தது. பவித்ரா அவனைப் பார்க்காமல் முன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை மட்டும் ஏதோ கேட்டாள். அவன் ஒரே சொல்லில் பதில் சொன்னான். அவள் இறங்கினாள். நேராக நடந்து வந்து குழந்தையை வாங்கிக்கொண்டு பின் சீட்டில் ஏறினாள்.

“போகச் சொல்லுங்கக்கா” என்றாள். “அழுகுறதுக்கு அப்புறம் நேரமிருக்கு.”

தேனியில் குழந்தையை மூன்று நாள் வைத்துப் பார்த்தார்கள். பதினான்கு நாளைக்குச் சிரப்பு எழுதினார்கள். இரண்டாம் நாளே சீழ் பாதியாகக் குறைந்தது. மூன்றாம் நாள் இருமலும் அடங்கத் தொடங்கியது.

குருவம்மாள் மலைக்குப் போகவில்லை. மருத்துவமனைக்குக் கஞ்சி கொண்டு போனாள். ஆனால் குழந்தையைத் தொடவில்லை, வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தாள்.

இருபத்தேழாம் நாள். மாலை மணி 5.20.

குழந்தையோடு ஜீப்பு காலனிக்குள் திரும்பியபோது குழாயடியில் கூட்டம் இருந்தது. சூர்யகலா இறங்கி, பத்து நாள் முன்னால் நின்று கத்திய அதே இடத்தில் நின்றாள்.

“எல்லாரும் கேட்டுக்கங்க. அன்னைக்குக் குருவம்மாளை இங்க வச்சுத் திட்டுனேன். அது தப்பு. கண்ணுல மை வைக்கக்கூடாதுங்கறது உண்மைதான். ஆனா பிள்ளைக்குச் சீழு வந்தது மைக்கு எட்டு நாள் முன்னாடி. என் புத்தகத்துல என் கையாலயே எழுதி வச்சிருக்கேன். பாக்காமப் பேசிட்டேன். குருவம்மா, என்னைய மன்னிச்சிரு.”

குருவம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். குழாயடியில் குடம் நிரம்பி வழிந்தது, யாரும் நகர்த்தவில்லை.

“அப்ப யாரால வந்துச்சு நர்சம்மா?” என்று எதிர்வீட்டுத் தங்கபாண்டி கேட்டான்.

“அது அவங்க வீட்டுச் சங்கதி” என்று சூர்யகலா சொல்லி முடிப்பதற்குள் ஜீப்பின் அருகிலிருந்து குரல் வந்தது.

“என்னால.”

சின்ராசு யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. “எங்கக்கா மேல பழி வேண்டாம். என்னால வந்துச்சு.”

பெண்களில் இரண்டு மூன்று பேருக்கு விளங்கியது. அவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு சத்தமில்லாமல் விலகினார்கள்.

பவித்ரா குழந்தையைக் குருவம்மாளின் கையில் கொடுத்தாள். “நானும் உங்களைச் சந்தேகப்பட்டேன் மதினி” என்றாள். குருவம்மாள் குழந்தையை மார்போடு சேர்த்துப் பிடித்தாள். குழந்தை இரண்டு கண்களையும் திறந்து, புதிதாய்க் கண்ட அத்தையின் முகத்தை நெற்றி சுளித்துப் பார்த்தது.

உள்ளே போன பவித்ராவின் பின்னாலேயே சின்ராசு போனான். மருந்துச் சீட்டை அவளிடம் நீட்டவும் தெரியாமல், மடித்து வைக்கவும் தெரியாமல் நின்றான்.

“அடுத்த வாரம் மூணு பேரும் திரும்ப வரணும்னு சொன்னாங்க” என்றான்.

பவித்ரா கையை நீட்டினாள்.

“சீட்டக் குடு. இனிமே நீ எதைச் சொன்னாலும் காயிதத்த என் கையில குடுத்துட்டுச் சொல்லு.”

கொடுத்தான். அவள் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்து முடிக்கும்வரை அவன் நின்றுகொண்டே இருந்தான்.