சோதனைக் கேள்வி

காலை ஒன்பது நாற்பது. மருதி வெறும் வயிற்றோடு வந்து நினைவெடுப்பு அறை நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் பஞ்சால் அவள் நெற்றியைத் துடைத்தேன்.

"சாதிக் அண்ணா, நான் காபியாவது குடிச்சிட்டு வந்திருக்கலாம்ல?"

"குடிச்சா படத்துல காபிதான் வரும்."

சிரித்தாள். இதுவரை வந்த பதினொரு முறையும் இதையேதான் கேட்டாள்.

சாலிகிராமத்தில் இப்போது கேமராக் கடைகளைவிட நினைவெடுப்புக் கூடங்கள் அதிகம். தலையில் மாட்டும் ஸ்கேனர் ஹெல்மெட் ஒரு நினைவை அப்படியே சினிமாக் காட்சியாக்கிவிடும். ஆனால் எடுத்த நினைவு தலையில் மிஞ்சாது. அதனால் எல்லோரும் வேண்டாததையே தருகிறார்கள்: விபத்து, அவமானம், தோல்வி. திரையரங்குகள் முழுக்க அழுகை. மருதி மட்டும், ஜெசிந்தாவைப் பற்றித் தான் எடுக்கும் படத்துக்காக, நல்லதைக் கொண்டுவந்தாள்.

ஜெசிந்தாவும் அவளும் நான்கு வருடம் ஒன்றாக வாழ்ந்தவர்கள். சிறுநீரகம் கெட்டு ஜெசிந்தா இறந்த அன்று, உறவினர்கள் வந்து உடலையும் கைப்பேசியையும் தூத்துக்குடிக்கு எடுத்துப்போனார்கள். புகைப்படங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. மருதியை, 'கூடத் தங்கியிருந்த பொண்ணு' என்றார்கள்.

பலாக்கொட்டையைச் சுட்டு ஒருத்திக்கு ஒருத்தி உரித்துக் கொடுத்தது. டயாலிசிஸ் ஊசி ஏறிய கையை மருதியின் மடியில் வைத்து ஜெசிந்தா தூங்கியது. பதினொரு காட்சிகளையும் பார்த்தவன் நான். மருதியைப்போல் இருபத்தாறு வயதில் இப்படிப் பார்க்கத் தெரிந்த கண்ணை இந்த வேலையில் கண்டதில்லை. எங்கும் அவசரமில்லை. ஊசித் தழும்பிலிருந்துகூடப் பார்வை விலகவில்லை.

எடுப்புக்கு முன் நினைவுக்காரரே ஒரு சோதனைக் கேள்வி எழுதித் தர வேண்டும். முடிந்ததும் நான் படிப்பேன். பதில் வராவிட்டால் எடுப்பு முழுமை. வந்தால் மறுபடி செய்ய வேண்டும். ஏழாவது முறை, 'அந்தக் குடை யாருது?' என்றதற்கு 'அவளுது' என்றுவிட்டாள். ஹெல்மெட்டைத் தானே எடுத்து மீண்டும் மாட்டிக்கொண்டாள். நான்தான் சற்று நேரம் வெளியே போய் நின்றேன்.

இன்று, மடித்த தாளை நீட்டினாள்.

"இதுதான் கடைசி," என்றேன். "இதோட அவ பேருகூட உனக்கு இருக்காது. இது ஒண்ணையாவது வச்சுக்கோ. நடிகையை வச்சு எடு."

"நடிகை அழகா சிரிப்பா. ஜெசிந்தா சிரிச்சா மூக்குல சத்தம் வரும்."

"மருதி."

"என் தலைக்குள்ள இருந்தா என்னோட சேர்ந்து செத்துப்போயிடும் அண்ணா. அவ ஒரு தடவை செத்தது போதும்."

இருபத்திரண்டு நிமிடம். நினைவுக்காரர் திரையைப் பார்க்கக் கூடாது என்பதால் அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். திரையில் ஜெசிந்தா பால்கனியில் ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். ஏதோ கேட்டுத் திரும்பிச் சிரித்தாள். மூக்கில் சத்தம் வந்தது.

இயந்திரம் நின்றது. திரையை அணைத்தேன். மருதி ஹெல்மெட்டைக் கழற்றி, கலைந்த முடியைக் கோதிக்கொண்டாள்.

"பசிக்குது அண்ணா. இட்லி சொல்லுங்களேன்."

தாளைப் பிரித்தேன். அவள் கையெழுத்து. இந்தத் தொழிலில் முதல்முறையாக, பதில் வந்துவிட வேண்டும் என்று நினைத்தேன். படித்தேன்.

"இந்தப் படத்தை நீ யாருக்காக எடுத்தே?"