குமிழி போகும் பக்கம்

காலையில் எஞ்சினுக்கு ஊற்றும்போது மண்ணெண்ணெய் சிமியோனின் கையெல்லாம் வழிந்தது. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். ஒன்றுமில்லை. பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது.

மணம் போய் ஒரு வருடமாகிறது. போன மாதம் கிளினிக்கில் ஒரு டொக்டர் பிள்ளை கடதாசியில் மூளையைக் கீறிக் காட்டினாள்.

"நரம்புகளுக்கு இடையில ஒரு புரதம் கட்டிகட்டியாப் படியுது ஐயா. நரம்புக்கு உள்ளை கிடக்கிற நூலும் சிக்குப்படுது. பிறகு அந்த நரம்பு பட்டுப்போகும். மணம் பிடிக்கிற இடமும், இப்ப நடந்ததை வைச்சிருக்கிற இடமும்தான் முதல்ல போறது. பழகின கைவேலை கனநாளைக்கு நிக்கும். தனியக் கடலுக்குப் போயிடாதேங்கோ."

அந்தக் கடதாசித் துண்டை மெத்தைக்கடியில் செருகிவிட்டு வீட்டில் 'பிரசர்' என்று சொல்லிவிட்டார். படகு பார்க்கும் ஜெரிசனுக்கு இன்றைக்குக் காய்ச்சல். மகள் ஜெசிதாவின் புருஷன் டினேஸ் கடலட்டை குளித்தெடுக்கப் போக ஆளில்லாமல் நின்றான். நான் வாறன் என்றார் சிமியோன். மருமகனோடு போவது தனியப் போவதில்லையே.

கரை மெல்லிய கோடாகத் தெரியும் இடத்தில் டினேஸ் காற்றுச் சிலிண்டரை முதுகில் கட்டினான்.

"மாமா, நித்திரை கொண்டிடாதேங்கோ. குமிழி போற பக்கம் போட்டைக் கொண்டு வாங்கோ."

"நீ பிறக்க முன்னம் கடல்ல நிண்டவன்ரா நான்."

"உந்தக் கதை மீனுக்கும் பாடம், மாமா."

சிரித்துக்கொண்டே மல்லாந்து விழுந்தான். படகு விளிம்பில் கட்டிய அட்டைப் பையின் கயிறு அவனோடு இறங்கியது.

வெயில் தண்ணீரில் பட்டுத் தெறித்து இமைக்குள் குத்த, அலை படகின் வயிற்றை நாய் நக்குவது போல ஓயாமல் நக்க, எங்கோ தூரத்தில் வேறொரு எஞ்சின் இருமி இருமி அடங்க, சிமியோன் குமிழிகளையே பார்த்தபடி துடுப்பால் படகை மெல்லத் தள்ளிக்கொண்டிருந்தார். ஒரு கடற்காகம் தலைக்கு மேலால் பறந்தது. அது புள்ளியாகும் வரை பார்த்துவிட்டுத் திரும்பினார்.

படகில் அவர் மட்டும் இருந்தார்.

தனியக் கடலுக்கு வந்துவிட்டேன் என்று நினைத்தார். டொக்டர் பிள்ளை சொன்னாளே. ஜெசிதா அறிந்தால் ஏசுவாள். ஆனால் பலகைக்கடியில் இரண்டு சோடி செருப்பு. இரண்டு சோற்றுப் பாசல். ஒன்று தன்னுடையது. மற்றது?

யாரோ ஒருவன் இருந்திருக்கிறான். இப்போது இல்லை.

"ஆரது?" என்றார். குரல் தண்ணீரின் மேல் போய் எதிலும் படவில்லை.

அப்போதுதான் அதைக் கண்டார். படகின் வலப்பக்கம் கடல் கொதித்தது. ஒரு கொத்துக் குமிழி. நின்றது. மறுபடி ஒரு கொத்து. மூச்சுப் போல. கீழே ஏதோ கிடந்து மூச்சு விடுகிறது. மற்றவனை அதுதான் கொண்டுபோயிருக்கும்.

விளிம்பில் கட்டிய கயிறு விறைத்தது. சுண்டியது. சுண்டியது.

அவரது விரல்கள் முடிச்சைத் தேடிப் போய், அவர் யோசிக்குமுன்னே அவிழ்த்துவிட்டன. கயிறு வழுகித் தண்ணீருக்குள் ஓடியது. "போ" என்று முணுமுணுத்தார். "மாதாவே, போகச் சொல்லு."

போகவில்லை. குமிழிகள் கிட்ட வந்தன. படகுக்கு அடியில் போயின.

டொக்.

பாதத்துக்கு நேர் கீழே. இரும்பு போல ஏதோ ஒன்று. உரசிக்கொண்டே இடப்பக்கம் போனது. சிமியோன் துடுப்பைத் தூக்கினார். இடுப்புச் சாரம் நனைந்து சூடாகியது.

ஒரு கை விளிம்பைப் பிடித்தது.

தண்ணீரில் ஊறி வெளிறிய கை. பிறகு தலை. கறுப்பு. கண் இல்லை, ஒரே வட்டக் கண்ணாடி. வாய் இருக்க வேண்டிய இடத்தில் குழாய்.

அது குழாயைப் பிடுங்கி எறிந்தது. அடியில் ஒரு வாய் இருந்தது.

"மாமா! கயிறை ஏன் விட்டனீங்கள்? கையைத் தாங்கோ!"

மனிதக் குரல். மாமா என்று கூப்பிடுகிறது. மற்றவனையும் இப்படித்தான் கூப்பிட்டிருக்கும்.

அடித்தார்.

மறுபடி.

கண்ணாடி உடைந்தது. தலை தொங்கியது. தண்ணீர் மெல்லச் சிவந்தது. கை மட்டும் விளிம்பை விடவில்லை. சிமியோன் துடுப்பை வைத்துவிட்டுக் குனிந்து, அந்த விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தத் தொடங்கினார்.